வாயை மட்டும் அசை

ஜெப்சிக்கு வந்த கோபத்துக்குப் பாம்பன் கடற்கரை மணல் எல்லாம் போதாது. உதைத்துக்கொண்டே நடந்தாள்.

பின்னே? பத்து வயதுப் பிள்ளையை இத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லலாமா?

சொன்னவர் சகாயவினோத் அண்ணன். கோயில் பாடல்குழுவை அவர்தான் நடத்துகிறார். கல்லூரியில் படிக்கிறார், கீபோர்டும் வாசிப்பார். அந்த மிடுக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்கு லத்தீனில் ஒரு பாட்டு. அதில் 'பாக்ஸ்', அதாவது சமாதானம், என்று முடிகிற இடத்தில் ஜெப்சி முடிக்கவில்லை. 'பாக்ஸூஊ' என்று இழுத்துவிட்டாள்.

"ஏ புள்ள, வார்த்தைக்கு வாலு முளைக்குது. திருவிழா அன்னைக்கு நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது," என்றார் அண்ணன். குழுவே சிரித்தது.

திருவிழா அன்றைக்கு அவளைப் பெற்ற அய்யா கடலுக்குப் போகாமல் முன்வரிசையில் வந்து நிற்பார், இவள் பாடுவதைக் கேட்க. அவர் முன்னால் பொம்மை மாதிரி வாயை அசைக்க வேண்டுமா? நினைக்க நினைக்க ஜெப்சிக்குக் காது சுட்டது.

தூரத்தில் வள்ளத்தின் மேல் சித்தப்பா மகன் இன்னாசி உட்கார்ந்திருந்தான். அவனைச் சாப்பிடக் கூப்பிடத்தான் அம்மா அனுப்பியிருந்தாள். கோபத்தை எல்லாம் அவன் மேல் கொட்டினாள்.

"ஏலே இன்னாசீஈ, சோறு ஆறுதூஊ. வாலேஏ."

"இந்தா வாரேஎன்," என்றான் அவன்.

ஜெப்சி சட்டென்று நின்றாள். கரையில் எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கடைசியில் இழுக்காவிட்டால் சொல்லைக் காற்று தின்றுவிடும். கத்திக் கத்தி வந்த பழக்கம் பாட்டிலும் ஒட்டிக்கொண்டது.

"அப்ப இழுக்காம எந்த இடத்துல பேசுறோம்?" என்று தன்னைத்தானே அதட்டிக் கேட்டாள்.

யோசித்தபடி வீட்டுக்கு வந்தாள். தூளியில் கைக்குழந்தைத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்கும்போது மட்டும் வீட்டில் எல்லாரும் நறுக்கென்று பேசுவார்கள்.

தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாள். 'பாக்ஸூஊ.' தம்பி வீறிட்டான்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "இப்பத்தானடி தூங்க வச்சேன்."

"பாட்டுப் படிக்கிறேம்மா."

"பிள்ளையை எழுப்புற பாட்டா?"

மறுநாளும் விடவில்லை. ரகசியம் பேசுவது போல் மெல்லப் பாடி, ஒவ்வொரு சொல்லையும் அது முடிகிற இடத்திலேயே முடித்தாள். கோபம் குறையவில்லை, வால் குறைந்தது. தம்பி அசையாமல் தூங்கினான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு தடவை கேளுங்கண்ணே. கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க."

முறைத்தபடியே பாடினாள். 'பாக்ஸ்.' கத்தரித்தது போல் நின்றது.

அண்ணன் கீபோர்டில் கை வைத்தார். "சரி, எல்லாரும் சேர்ந்து பாடுங்க," என்று தானும் பாடினார். ஜெப்சி நிறுத்தின பிறகும் மற்றவர்களின் வால்கள் நீண்டுகொண்டே போயின. எல்லாவற்றிலும் நீளமானது அண்ணனுடைய வால்தான். அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"இதை எங்க படிச்ச?"

நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஜெப்சிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. தம்பி தூங்குற நேரந்தான்."

தூளியைச் சுற்றிப் பாடல்குழு உட்கார்ந்து, மூச்சை அடக்கி, ஒவ்வொருவராகப் பாடியது. தம்பி ஒரே ஒரு முறைதான் விழித்து அழுதான். அப்போது பாடியவர் வினோத் அண்ணன்.

ஜெப்சி தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, தம்பி திரும்பத் தூங்குற வரைக்கும் நீங்க வாயை மட்டும் அசைங்க."