தொண்ணூற்றொன்பது

மூச்சிரைப்புச் சத்தம் நின்றிருந்தது.

பதினோரு நாளாக அந்த வீட்டில் ஓயாத சத்தம் அது. நாமக்கல்லில் பித்தப்பையை எடுத்துவிட்டு வந்த நாள் முதல், ஆக்சிஜன் மிசினின் உறுமலுக்கு அடியில், மனைவி அத்தாயியின் நெஞ்சு ஈர விறகு புகைவதுபோல இழுத்துக்கொண்டே கிடந்தது. காயும் மிளகின் காரமும் மருந்து நெடியும் கலந்த அந்த அறையில் அதைக் கேட்டே அர்த்தனாரி தூங்கினார், அதைக் கேட்டே விழித்தார். இப்போது மிசின் மட்டும் உறுமியது. நல்லதுதானே என்று நினைத்தார். நினைத்த பிறகும் காது அந்தச் சத்தத்தையே தேடியது.

மத்தியானம் மிசினில் காற்றை அவர்தான் கூட்டி வைத்திருந்தார். மிசினின் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் சிறு உருண்டை, ஒன்று என்ற கோட்டில் நிற்க வேண்டும். ஐந்துக்கு ஏற்றிவிட்டார். நர்ஸ் சுகந்தி சொல்லித்தான் போயிருந்தாள்: "அம்மாவுக்கு அடுப்புப் பொகையில கெட்ட நெஞ்சுங்க. வெரல் மிசின்ல தொண்ணூறு காட்டுனா போதும். காத்த அள்ளிக் குடுத்தா ஒடம்பு மூச்சு விடறதயே மறந்துருமுங்க."

மகள் கலைமணிக்குக் கல்யாணம் உறுதி பேச, மலையில் பக்கத்து வளப்பூர் நாட்டிலிருந்து ஆட்கள் வருகிற நாளில், இழுப்புக்காரி பெற்ற பெண் என்று ஒரு சொல் விழலாமா? நாலு தலைமுறையாக ஒரு சொல்லும் விழாத வீடு.

வந்துவிட்டார்கள், மாப்பிள்ளையின் தகப்பன் தனபாலும் தாய் இருசாயியும். சுவரில் சாய்ந்திருந்த அத்தாயியின் முகம் புதுப்பெண்ணுடையதுபோலச் சிவந்திருந்தது. விரல் மிசினில் தொண்ணூற்றொன்பது.

"ஏனுங்க மச்சான், ஆபரேசன் பண்ணுன ஆளுன்னாங்க. எம்பட ஊட்டுக்காரிய விடச் செவப்பா இருக்காங்களே!" என்றார் தனபால்.

"உங்களக் கட்டித்தான நான் கறுத்தேன்," என்றாள் இருசாயி.

அர்த்தனாரி சிரித்தார். முதுகு நிமிர்ந்தது.

கலைமணி காப்பி கொண்டுவந்தாள். அத்தாயி வாங்கிய தம்ளர் மெல்லச் சாய்ந்தது. கொதிக்கும் காப்பி மடியில் ஒழுகி, சேலையிலிருந்து ஆவி எழுந்தது. கண்கள் மூடியிருந்தன, அவள் அசையவில்லை. முகத்தில் இருந்த புன்னகையும் அசையவில்லை.

"அம்மா!"

இருசாயி கிட்டே வந்து பார்த்தாள். "என்னமோ மாதிரி இருக்காங்களே. மிசின்ல எதுனா கூட்டி வெச்சீங்களாண்ணா?"

"இல்லீங்க."

மிசினை மறைத்து நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய், உருண்டையை ஒன்றுக்கு இறக்கினார். பிறகு அத்தாயியின் மார்பைப் பார்த்தார். ஏறவில்லை. குனிந்தார்.

"மூச்சு விடு."

ஏறியது. இறங்கியது. நின்றது.

"அம்மா, மூச்சு விடும்மா," என்று கலைமணி உலுக்கினாள். ஒன்றுமில்லை. அவர் சொன்னார். ஏறியது.

நாற்பத்தாறு வருசம் அவர் சொல்லாமல் அவள் எதையும் செய்ததில்லை. பிறந்த வீட்டுச் சாவுக்குக்கூட அவர் தலையசைக்கும்வரை வாசலில் நின்றவள். அதை அவர் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுண்டு.

ஆம்புலன்சுக்குப் போன் போட வெளியே போயிருந்த தனபால் செல்போனோடு ஓடிவந்தார். "ஆம்புலன்ஸ் அடிவாரத்துல காரவள்ளி தாண்டிருச்சாமுங்க மச்சான். எழுபது வளைவும் ஏறோணும், பனி வேற. டாக்டர் லைன்ல இருக்காரு. காத்து எத்தனைல இருந்துச்சுன்னு கேக்கறாரு."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"ஒன்னுலதான்," என்றார்.

பனி வாசலை மூடியது. பலா மரம் போயிற்று. வேலி போயிற்று. மிசின் உறுமியது.

"மூச்சு விடு."

ஏறியது.

"மூச்சு விடு."

ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாக. தண்ணீர் குடிக்க நேரமில்லை. எச்சில் விழுங்க நேரமில்லை. நான்தான் கூட்டினேன் என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்கிற நேரத்தில் அவளுக்கு யார் சொல்வது?

"விடு."

ஏறியது.

"விடு."

குரல் கம்மியது. பிறகு காற்றாயிற்று. பிறகு அதுவும் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

அத்தாயியின் கண்கள் திறந்தன. அவர் உதடுகளில் வந்து நின்றன.

மார்பு ஏறவில்லை.

சொல்லுக்காக, பணிவாக, அவள் காத்திருந்தாள்.