எடுத்துக்கலாங்களா?

தனப்பிரியாவுக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இறங்க வேண்டிய இடத்தைப் பஸ் தாண்டிவிட்டால்கூட, நிறுத்தச் சொல்லப் பயந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ரகம் அவள். அப்பேர்ப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரம் நிழற்குடையில், கொட்டுகிற மழையில், கழுத்தில் கேமராவும் கையில் நனைந்த துண்டுச் சீட்டுமாக நின்றாள்.

சீட்டில் இருந்தது இதுதான். 'முன்பின் தெரியாத ஒருவரின் சிரிப்பு. கேட்டுவிட்டு எடுக்கவும்.'

எல்லாம் சௌந்தர்யாவின் வேலை. அஸ்தம்பட்டி கிளினிக்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பில் போடுகிறவர்கள். வாராவாரம் ஓர் ஊருக்குப் போய், சீட்டுக் குலுக்கி, வந்த சீட்டுப்படி படம் எடுக்கிற குழு ஒன்றில் அவள்தான் இவளையும் இழுத்துச் சேர்த்துவிட்டாள்.

"பூனை, பூட்டு, பூவு... இத்தன நாளா பதில் பேசாததையாவே எடுத்துட்டிருக்கே. இன்னைக்கு ஒரு மனுசனை எடு பாக்கலாம்!" என்று சொல்லிவிட்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டாள் புண்ணியவதி.

மனுசன் ஒருவன் இருந்தான்... நிழற்குடையின் மறுகோடியில். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பக்கத்தில் நிறுத்திய பைக்கில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். அதிலிருந்து மூன்றை எடுத்து மாற்றி மாற்றி மேலே வீசிப் பிடிக்கப் பார்த்தான். ஒன்று நழுவியது. குனிந்து எடுத்து மறுபடி வீசினான். இந்த முறை இரண்டு நழுவின. யாரும் பார்க்கவில்லை என்கிற நிம்மதியில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

என்ன சிரிப்பு அது! கண்தான் முதலில் சிரித்தது... அப்புறம்தான் உதடு.

கேட்டுவிடலாமா... திட்டிவிட்டால்? போய்விடலாமா... இந்தச் சிரிப்பு போய்விட்டால்?

"ஏனுங்க..." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஏனுங்க... எடுத்துக்கலாங்களா?"

அவன் மேலே பறக்கிற பழத்திலிருந்து பார்வையை எடுக்காமலே, "தாராளமா எடுத்துக்குங்க!" என்றான்.

எடுத்துவிட்டாள். மழை இரைச்சலில் கேமராவின் சத்தம் அமுங்கிப்போனது. பழமெல்லாம் கீழே விழ, அவன் அசடு வழியத் திரும்பி, பையில் நல்லதாக ஒன்றைத் தேடி அவள் கையில் வைத்தான்.

"கேட்டீங்கல்ல... இந்தாங்க. எங்க தோட்டத்துதுங்க."

படம் எடுத்ததற்குப் பழம் வேறு தருகிறாரே, இப்படியும் ஒரு மனிதரா! மழை விட்டதும் அவன் கிளம்பிப் போய்விட்டான். சேலம் வரும்வரை அவள் அந்தக் கொய்யாவைக் கடிக்கவே இல்லை.

படம் குழுவின் பக்கத்தில் ஏறியது. 'யார் எடுத்தது?' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தன் பெயருக்குக் கீழே இத்தனை பேர்! முதன்முறையாகத் தன்னையே கொஞ்சம் பிடித்துப்போனது தனப்பிரியாவுக்கு.

அந்தச் சந்தோஷம் அடுத்த சனிக்கிழமையோடு முடிந்தது.

"இங்க தனப்பிரியாங்கறது ஆருங்க?"

பில் போடும் ஜன்னலில் அதே முகம்... படத்தோடு இருந்த பெயரை வைத்து விசாரித்து வந்திருக்கிறான். சிரிப்பு மட்டும் இல்லை.

"நா... நாந்தானுங்க."

"ஆரைக் கேட்டுங்க என்னைப் போட்டோ எடுத்தீங்க?"

"உங்களைக் கேட்டுத்தானுங்க எடுத்தேன்!"

"என்னையா?"

"எடுத்துக்கலாங்களான்னு கேட்டேன்... தாராளமான்னு சொன்னீங்க..."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அது... பழத்தக் கேக்கறீங்கன்னு நெனச்சேனுங்க."

பக்கத்து நாற்காலியில் சௌந்தர்யா களுக்கென்று சிரித்தாள். அவன் உதடும் லேசாகத் துடித்தது. ஆனால் சொன்ன விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை.

பெயர் நவநீதகிருஷ்ணன். அன்றைக்கு எடப்பாடியில் அவனுக்குப் பெண் பார்க்கிற நாள். அப்பா, சொந்தபந்தம் எல்லாம் காரில் முன்னால் போய்விட, இவன் பின்னால் பைக்கில்... பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய கொய்யாவோடு! போக மனமில்லாமல் நிழற்குடையிலேயே நின்றுவிட்டு, டயர் பஞ்சர் என்று போனில் சொல்லிவிட்டான். அப்பா அதை நம்பி, அந்த வீட்டுக் கூடத்தில் நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்லியிருக்கிறார். படம் அவர்கள் கைக்குப் போனதும் பேச்சு முறிந்தது. பையன் விளையாடியதுகூடப் பெரிதில்லை, பெரியவர் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் கோபம்.

"எங்கப்பா என்னோட பேசறதே இல்லீங்க..." என்றான். அந்த நேரம் பார்த்து அவன் போன் ஒலித்தது. அத்தனை நாள் பேசாத 'அப்பா' திரையில். அவன் முகம் வெளுத்தது. விரல் திரைமேல் போய்ப் போய்த் திரும்பியது. எடுக்காமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டான்.

படத்தை அப்போதே நீக்கிவிட்டாள். கேமராவைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். இனி தொடுவதே இல்லை. இதற்குத்தான் வாயைத் திறக்கக் கூடாது என்பது... ஒரே ஒருமுறை கேட்டதற்கு ஒரு கல்யாணமே நின்றுபோனதே!

தூக்கம் வரவில்லை. தன் பயம் அவளுக்குப் பழகிய பயம், அதோடு குடித்தனம் நடத்தத் தெரியும். ஆனால் அதே பயத்தை அவன் முகத்தில் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. இப்படி நடுங்குகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்றல்லவா நினைத்திருந்தாள்!

மறுநாள் பீரோவைத் திறந்தாள். குழுவோடு போகவில்லை. தனியாக மல்லசமுத்திரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம், திரும்பிவிடலாமா... திரும்பிவிடலாமா...

டீக்கடையில் அவன் பெயரைச் சொல்லி வீட்டை விசாரித்துக்கொண்டு போய் நின்றாள். களத்தில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். சின்னண்ணன், அவன் அப்பா. அவருக்குப் பின்னால் கூடையோடு அவன்... இவளைப் பார்த்ததும் கூடையை நழுவவிட்டான்.

"ஆரு அம்மிணி நீ?"

"அந்தப் போட்டோ எடுத்தது நாந்தானுங்கய்யா." நிறுத்தினால் அழுகை வந்துவிடும், நிறுத்தாமல் சொன்னாள். "சரியாக் கேக்காம எடுத்துப்போட்டேன். தப்பு என்னுதுங்க. அவரோட பேசாம இருக்காதீங்க..."

பெரியவர் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். "ஊரே பாத்துப்போச்சு. நாந்தான் பாக்க மாட்டேன்னு இருந்தேன். எங்க, காட்டு."

கேமராவின் சின்னத் திரையை அவர் முன் நீட்டினாள். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணாவது புடிச்சானா?"

"இல்லீங்கய்யா... எல்லாம் கீழதானுங்க."

பெரியவரின் மீசை அசைந்தது. தோள் குலுங்கியது. சிரித்து முடித்துவிட்டு மகனைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"பொண்ணுப் பாக்கப் போகப் புடிக்கலீன்னா என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கோணுமில்ல? என்னையப் பொய் பேச வெச்சுட்டியேடா."

"பயமா இருந்துச்சுங்கப்பா..."

"நாளைக்கு எடப்பாடி போறோம். அவங்க மூஞ்சியப் பாத்து நீயே மன்னாப்புக் கேளு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மிணிக்குக் காப்பி வெக்கச் சொல்றேன்."

அவர் வீட்டுக்குள் போய்விட்டார். களத்தில் இவர்கள் இரண்டு பேர். தூறல் ஆரம்பித்தது. ஒதுங்கத் தோன்றவில்லை இருவருக்கும்.

"இதுக்கா இத்தன தூரம் தனியா வந்தீங்க?" என்றான் அவன் மெல்ல.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். தலையாட்டத்தான் நினைத்தாள்... ஆனால் வாய் வேறு சொன்னது.

"இதுக்கு மட்டும் இல்லீங்க. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குங்க." கன்னத்தில் ஓடியது மழையா, கண்ணீரா, அவளுக்கே தெரியவில்லை. "ரொம்பப் பயமாவும் இருக்குங்க."

அவன் சிரிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டான்.

"எனக்கும்..." என்றான். "எனக்கும் ரெண்டுந்தானுங்க."