பட்டாணி வாங்காத ஒலி

எங்கள் வீட்டுக் கணினியின் மைக் வேலை செய்யாமல் போனது ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்கு. நேரத்தை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், நான்கு மணிக்குச் சித்தி அந்த மைக்கில் பேசியாக வேண்டும்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். என்னை வீட்டில் ‘ஏனு’ என்று கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டு உயிரை வாங்குகிறேனாம். என் தங்கை பட்டாணிக்கு ஐந்து வயது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கடைப் பலகை, சோப்பு உறை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. அவள் படிக்கட்டுமே என்று கணினியைத் தமிழுக்கு மாற்றி வைத்ததே நான்தான். அப்பா பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்தவர்கள் எல்லாம் அவரைத் தேடித்தான் வருவார்கள். அம்மா செவிலியர், அன்று பகல் வேலைக்குப் போயிருந்தார்.

சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். வீட்டிலும் அதே பேச்சுதான். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சாப்பாடு மேசைக்கு வந்து சேர்ந்தது” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால், நாங்கள் தட்டோடு ஓடுவோம். ஆறு மாதங்களுக்கு முன் நிலையத்தில் ஓர் இயந்திரக் குரலை வைத்துவிட்டுச் சித்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த அறிவிப்பு எங்கள் வீட்டில் கேட்கவே இல்லை. சித்தி சும்மா “சாப்பிட வாங்க” என்பாள். எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது.

இப்போது ஒரு நல்ல சேதி வந்திருந்தது. பார்வையற்ற குழந்தைகள் கேட்பதற்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் நிலையம் ஒன்று, சித்தியை இணையம் வழியாக வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தது. ஆளுக்குப் பத்து நிமிடம். நேரத்துக்கு வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவர்கள் அனுப்பிய பக்கத்தில் மைக்கைச் சோதிக்க ஓர் இடம் இருந்தது. நாம் பேசினால் அங்கே ஒரு பச்சைக் கோடு குதிக்க வேண்டும். சித்தி “வணக்கம்” என்றாள். கோடு அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது வணக்கத்துக்கு எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து “வணக்கம்மா” என்று பதில் சொன்னார். கணினி மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

அப்பா வந்தார். மைக்கின் கம்பியைப் பிடுங்கிச் சொருகினார், ஊதினார், ஆட்டினார். கடைசியில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, உள்ளே திறந்து பார்த்துவிடலாம் என்றார். அப்பா எதையாவது திறந்தால் மூடும்போது இரண்டு திருகாணி மிச்சமிருக்கும்.

“ஒரு நிமிஷம்ப்பா,” என்றேன். “கெட்டது மைக்கா, கம்ப்யூட்டரான்னு முதல்ல பார்க்கலாம்.”

மைக்கின் கம்பியைச் சித்தியின் செல்பேசியில் சொருகி, ‘ஒன்று, இரண்டு’ என்று பேசிப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் என் குரல் கணீரென்று வந்தது. ஆக, மைக்குக்கு ஒன்றும் இல்லை. அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பைக்குள் வைத்தார்.

மணி மூன்று முப்பத்தெட்டு. சித்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். வாசிக்க வைத்திருந்த தாள்களை மெதுவாக மடித்தாள்.

“விடு ஏனு,” என்றாள். “பஸ் நிலையத்து மெஷின்தான் என்னை வேணாம்னுச்சு. இப்ப வீட்டு மெஷினும் வேணாங்குது.”

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அழுதால் நேரம்தான் போகும் என்று அடக்கிக்கொண்டு, என் வழக்கமான வேலையை ஆரம்பித்தேன். கேள்வி கேட்டேன்.

நேற்று வேலையில் இருந்த அம்மாவோடு இதே கணினியில் பேசினாயே, அப்போது மைக் வேலை செய்ததா? செய்தது என்றாள். அப்புறம் யாராவது எதையாவது தொட்டீர்களா? அப்பா தொடவில்லை. சித்தி மட்டும் காலையில் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாளாம். நடுவில் ஏதோ ஒரு கட்டம் வந்ததாம். படிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்க, ஓடிவிட்டாளாம். திரும்பி வந்தபோது கட்டத்தைக் காணோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு அமர்க்களத்திலும் பட்டாணியின் சத்தமே இல்லை. எங்கள் வீட்டில் பட்டாணி சத்தம் போடாமல் இருந்தால், ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சோபாவுக்குப் பின்னால் ஒரு ஊதா நிறக் குடை விரிந்திருந்தது. அதற்கு அடியில் இரண்டு குட்டிக் கால்கள்.

குடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம் அப்பாவின் செல்பேசியில் ஏதோ கேட்க, பட்டாணி ‘சரி’யை அழுத்திவிட்டாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு ஒரு டஜன் குடை வந்து இறங்கியது. ஐந்து பேருக்குப் பன்னிரண்டு குடை. அன்று அப்பா அவளை உட்காரவைத்து, இனிமேல் திரையில் எதையாவது வாங்கச் சொன்னால் ‘மறு’ என்று இருப்பதைத்தான் அழுத்த வேண்டும் என்று பத்து தடவை சொல்லவைத்தார்.

குடையைப் பார்த்ததும் அப்பா வேகமாக வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். யாராவது ஒரு அதட்டல் போட்டால் போதும், அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். என் தங்கையை எனக்குத் தெரியும்.

நானும் குனிந்து குடைக்குள் நுழைந்துகொண்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மணி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் இருந்தேன்.

“நான் ஒண்ணும் வாங்கல,” என்றாள் பட்டாணி.

“நீ வாங்கினன்னு யாரும் சொல்லலையே. யாரு வாங்கச் சொன்னா?”

“கம்ப்யூட்டர்தான். ஒலி... வாங்கின்னு போட்டிருந்துச்சு. ஒலி வாங்கினா எத்தனை வரும்னு எனக்குத் தெரியல. அதான் அப்பா சொன்ன மாதிரி ‘மறு’ அழுத்திட்டேன்.”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக்குக்குத் தமிழில் ஒலிவாங்கி என்று பெயர். ‘ஒலிவாங்கியை அனுமதிக்கவா?’ என்று கேட்டிருக்கிறது கணினி. யாரோ ஒலி விற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பட்டாணி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

“என்னாலதான் கெட்டுப்போச்சா?” அவள் உதடு துடித்தது.

“ஒண்ணும் கெடல. நீ சொன்ன பேச்சைக் கேட்டிருக்க, அவ்வளவுதான். வா, நீயே சரிபண்ணு.”

மணி மூன்று ஐம்பது. திரையின் மேலே, பக்கத்தின் முகவரிக்கு அருகில் ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்தது. பூட்டு என்றதும் அப்பா எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். இத்தனை நாளாக இது இங்கேயா இருந்தது என்று மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குப் பார்த்தார். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறந்தவர், வீட்டில் இருந்த ஒன்றைக் கவனிக்கவே இல்லை.

பூட்டின் மேல் அழுத்தினேன். ஒரு பட்டியல் விரிந்தது. அதில் ‘ஒலிவாங்கி: மறுக்கப்பட்டது’ என்று இருந்தது. பட்டாணியை மடியில் உட்காரவைத்தேன். அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அ-னு-ம-தி. மவுஸை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். பக்கத்தை மறுபடி திறந்தோம்.

“பேசு சித்தி,” என்றேன்.

சித்தி மைக்குக்கு அருகில் வந்தாள். அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு...”

பச்சைக் கோடு எகிறிக் குதித்தது. ஆறு மாதங்கள் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். அப்பா கைதட்டினார். எதிர்வீட்டு ஜன்னலும் திறந்துகொண்டது.

நான்கு மணிக்குத் திரையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்தார். வழி தவறிய ஆமை ஒன்றின் கதையைச் சித்தி வாசித்தாள். ஆமைக்கு ஒரு குரல், நண்டுக்கு ஒரு குரல். நாங்கள் மூச்சு விடாமல் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். வாசித்து முடித்ததும் அந்த அம்மா, இன்னும் ஒரு பக்கம் வாசியுங்கள், ஆமை வீடு போய்ச் சேர்ந்ததா என்று எனக்கே தெரிய வேண்டும் என்றார். சேர்ந்தது. அதன்பிறகு திங்கட்கிழமையிலிருந்து வேலையை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். அந்த நேரம் பார்த்துக் குரல் வரவில்லை.

“பதிவுக்கு எங்ககிட்டேருந்தே ஒரு நல்ல ஒலிவாங்கி அனுப்புறோம். வாங்கிக்கிறீங்களா?” என்றார் அந்த அம்மா.

சோபாவுக்குப் பின்னாலிருந்து ஊதாக் குடை மெல்ல மேலே எழுந்தது. அதற்கு அடியிலிருந்து பட்டாணி தலையை நீட்டினாள்.

“எத்தனை அனுப்புவீங்க?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “ஒண்ணே ஒண்ணுதான், கண்ணு.”

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். பிறகு குடையை மடக்கினாள்.

“அப்ப சரி. அனுமதி,” என்றாள்.