கரண்ட் போனாலும் மறக்காத பெட்டி

பால் காய்ச்சினேன். இரண்டு டம்ளரில் ஊற்றினேன். மகள் மானஸாவுக்குத் தலை வாரிப் பின்னினேன். பின்னல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. அலமாரி மேலிருந்த மின்கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று மின்னியது. கரண்ட் போய் வந்தால் அது அப்படித்தான். திருத்தி வைக்க வேண்டும். வைக்கவில்லை.

சனிக்கிழமை. மானஸாவுக்குப் பத்து வயது. லீவு நாளில் என்னோடு பட்டுக்கடைக்கு வந்துவிடுவாள். காந்தி ரோட்டில் பூவராகவன் சாரின் கடை. பின்னறையில் உட்கார்ந்து புடவை டிசைன்களைக் கணினியில் வரைவது என் வேலை.

கடையில் வைஃபை புதுசு. வாடிக்கையாளர்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று வைத்திருந்தோம். போன வாரம் ஒருவர் தன் லேப்டாப்பைத் திறந்தார். என் கணினியில் இருந்த டிசைன்கள் அவர் திரையில் வந்து நின்றன. அதில் ஒன்று, வேறொரு கல்யாணப் பெண்ணுக்காக அன்னப் பறவை போட்டு வரைந்த முகூர்த்தப் புடவை. அதை இன்னொருவருக்கு நெய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம்.

"எங்களுக்கும் இதே அன்னம்தான் வேணும்" என்று அவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றோடு வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கிடையாது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஏனாத்தூர் மணியம்மாள் பூவராகவன் சாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணு துர்காதேவி சிங்கப்பூர்ல இருக்குது சார். சாயந்திரம் எம்புள்ள லேப்டாப்பு எடுத்துக்கினு வருவான். அதுலயே பாத்து அது பொடவ எடுக்கணும்னு ஆசப்படுது."

"வைஃபை குடுக்கறதை நிறுத்தியாச்சும்மா. நீங்களே பாத்து எடுங்க."

"கட்டிக்கப் போறது அதுதானே. அது பாக்காம எப்டி சார்?"

மணியம்மாள் முகம் வாடிவிட்டது. மானஸா முன்னால் வந்தாள்.

"சார், அவங்களுக்கு இன்டர்நெட் மட்டும் குடுத்துட்டு, நம்ம டிசைனைக் காட்டாம இருக்க முடியாதா?"

பூவராகவன் சார் என்னைப் பார்த்தார்.

"முடியும் சார்" என்றேன். "இன்டர்நெட்டைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டியை மாத்தணும். அதுக்குப் பேரு ரவுட்டர். வர்றவங்களுக்கு ஒரு வழி, ஆபீசுக்கு ஒரு வழின்னு பிரிச்சு விடற ரவுட்டர் இருக்கு."

"சாயந்திரத்துக்குள்ள சரியா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. மறுபடி ஒரு டிசைன் வெளியே தெரிஞ்சா அவ்வளவுதான். யாருக்கும் கிடையாது."

பஸ் ஸ்டாண்டு பக்கம் அர்ஜுனன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். மூன்று ஆன்டெனா நிமிர்ந்து நின்ற ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இதைப் போட்டா சிக்னல் ஏகாம்பரநாதர் கோபுரம் வரைக்கும் போவும் சார்."

"கோபுரத்துல யாரு அங்கிள் புடவை வாங்கறாங்க?" என்றாள் மானஸா.

அர்ஜுனன் பெட்டியை மாட்டி, விருந்தாளிக்கு ஒரு வழி, ஆபீசுக்கு ஒரு வழி என்று அமைத்தார்.

"நான் விருந்தாளி. அங்கிள் லேப்டாப்பு எனக்கு. அப்பா, நீ ஆபீஸ்" என்றாள் அவள். நான் கையோடு கொண்டு போயிருந்த லேப்டாப்பில் ஒரு பச்சைக் கிளி வரைந்தாள். அதுதான் டிசைன். அதை எங்கள் கடையில் வைத்திருப்பது போலவே, ஆபீஸ் கணினிகள் எல்லாம் எடுக்கும்படி வைத்தேன். அவள் எதிர்ப்பக்கம் போய் அர்ஜுனனின் லேப்டாப்பில் தேடினாள்.

"கிளி தெரியுதே."

மூன்று ஆன்டெனாப் பெட்டி திரும்ப அலமாரிக்குப் போனது.

இரண்டாவது பெட்டியில் கிளி தெரியவில்லை. இன்டர்நெட் வந்தது. அர்ஜுனன் பில் புத்தகத்தை எடுத்தார். நான் சட்டைப் பையில் கை விட்டேன்.

"இருப்பா" என்றாள் மானஸா. "கரண்ட் போய் வந்தா?"

"வந்தா என்ன கண்ணு?" என்றார் அர்ஜுனன்.

"நம்ம வீட்டுக் கடிகாரம் மறந்துடுதே. இதுவும் மறந்துட்டா?"

நான் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மானஸா மறுபடி தேடினாள்.

"கிளி வந்துடுச்சு."

"சேவ் பண்ணித்தானே வெச்சேன்" என்று முனகிக்கொண்டே அர்ஜுனன் மறுபடி எல்லாம் அமைத்தார். பிளக்கைப் பிடுங்கினோம். கிளி மறுபடி வந்தது. கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் தினமும் கரண்ட் போகிறது.

மூன்றாவது சின்னதாக இருந்தது. ஒரே ஆன்டெனா. மானஸாவே பிளக்கைப் பிடுங்கினாள், சொருகினாள். கிளி வரவில்லை. இன்டர்நெட் மட்டும் வந்தது.

"இதுதான்" என்றாள்.

சாயந்திரம் மணியம்மாள் மகன் ஜெயக்குமாரோடு வந்தார். திரையில் துர்காதேவி சிரித்தாள். மணியம்மாள் அரக்கு நிறத்தில் ஒரு புடவையைத் தோளில் போட்டுக் காட்டினார். இரண்டாவது புடவையைப் பிரித்தபோது கரண்ட் போனது.

பூவராகவன் சார் என்னைப் பார்த்தார். நான் மானஸாவைப் பார்த்தேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெனரேட்டர் ஓடியது. பெட்டியில் விளக்குகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் துர்காதேவியும் வந்தாள்.

"தம்பி, எங்க டிசைன் எதாச்சும் தெரியுதா, நல்லாத் தேடிப் பாரு" என்றார் பூவராகவன் சார்.

ஜெயக்குமார் தேடினான். "ஒண்ணுமே இல்ல சார்."

"அம்மா, அந்த அரக்கு. அதையே எடு" என்றது சிங்கப்பூர்க் குரல். மணியம்மாள் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பெட்டியை யாரு பாத்து எடுத்தது?" என்று கேட்டார் பூவராகவன் சார்.

"மானஸா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"எங்க வீட்டுக் கடிகாரம் சார்."

கடை முழுக்கச் சிரித்தது. மானஸாவும் சிரித்தாள். பின்னல் இன்னும் இடப்பக்கமே இருந்தது.

வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது, அந்தக் கடிகாரத்தை இன்று சரிசெய்துவிடுகிறேன் என்றேன்.

"பண்ணுப்பா" என்றாள். "ஆனா பிளக்கைப் பிடுங்கி நான் பாப்பேன்."