ரேகை விழாத விரல்

மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

பெரியகருப்பன் தலையை நிமிர்த்தவே இல்லை. குறிஞ்சி கூட்டுறவு வங்கியின் ஆதனக்கோட்டைக் கிளைக்கு விராலிமலையிலிருந்து மாற்றலாகி வந்து அன்றைக்கு நாலாவது நாள். கவுண்டருக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். வெளியே ஐப்பசி மழை, பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஒரு விரல் ஆதாரோடு பொருந்தமாட்டேன் என்று அடம்பிடித்தால் அவன்தான் என்ன செய்வான்?

"இது உங்க கணக்கு இல்லைங்க," என்றான், திரையைப் பார்த்தபடியே. "யாரு பேருல இருக்கோ, அவங்கள வரச் சொல்லுங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது போதாதா...

கண்ணாடித் தடுப்பின் கீழே இருந்த இடைவெளி வழியாக இரண்டு கைகள் உள்ளே வந்து, அவன் மேசைமேல் உள்ளங்கை தெரிய விரிந்தன. கறுத்துப்போன விரல்கள். நுனியெல்லாம் தோல் உரிந்து, வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தன.

"செவந்தி என் பேரு. நல்லாப் பாத்துக்கங்க சார். அஞ்சு வருசமா இந்தக் கையாலதான் இங்க பணம் கட்டுறேன். வாங்கும்போது யாரு கையின்னு ஒருத்தரும் கேக்கலையே..."

அப்போதுதான் நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே இருந்துவிட்டான்.

அந்தக் கண்கள்! கறுப்பு என்று சொல்ல முடியாது. பதமாக வறுபட்ட முந்திரியில் ஏறுமே ஓர் இளம்பழுப்பு, அந்த நிறம். கோபத்தில் அவை பளபளத்தன. அழுதுவிடக்கூடாது என்ற பிடிவாதமும் அதில் இருந்தது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் கைகள் இடைவெளியிலிருந்து போய்விட்டன. அவளும் போய்விட்டாள். மழை ஒரு முடிவுக்கு வந்து பெய்யத் தொடங்கியது.

மேலாளர் சந்தனமேரி அவனை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து விவரம் சொன்னார். ஐந்து வருடங்களுக்கு முன்பு வங்கி ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கியது. மாதாமாதம் ஒரு தொகை கட்டிவர வேண்டும். அறுபது மாதம் ஒன்றுகூட விடாமல் கட்டி முடிப்பவர்களுக்கு, வழக்கமான வட்டிக்கு மேல் ஊக்க வட்டி என்று தனியாக ஒரு தொகை தருவதாகப் பாஸ்புத்தக அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். இப்போது கொடுக்கிற வேளையில், கணக்குக்காரர் நேரில் வந்து இந்த மாதக் கடைசிக்குள் விரல் ரேகை வைக்க வேண்டும், இல்லையென்றால் ஊக்க வட்டி கிடையாது என்று தலைமை அலுவலகம் ஒரு விதி போட்டுவிட்டது. முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும், கொட்டை உடைக்கும் பெண்கள் பாதிப்பேருக்கு இந்த ஊரில் ரேகையே கிடையாது என்பது புதுக்கோட்டையில் உட்கார்ந்து விதி போட்டவர்களுக்குத் தெரியவில்லை. விராலிமலையிலிருந்து வந்தவனுக்கும் தெரியவில்லை.

"ஒரு மாசம் தவறாமக் கட்டுனது இந்தக் கிளையில மூணே பேரு தம்பி. அதுல ஒருத்தியத்தான் நீங்க வேற ஆளுன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

அவனுக்குக் காது மடல் சுட்டது.

அன்று சாயங்காலமே தஞ்சாவூர் சாலையோரம் இருந்த அவள் கொட்டகைக்குப் போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான். அவளைப் பார்த்ததும் கால் கிலோ முந்திரி என்று கேட்டுவிட்டான். செவந்தி நிறுத்துக் கொடுத்தாள். அவளுடைய அம்மா அடுப்பில் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். ஓட்டு எண்ணெயில் தீ பற்றித் திகுதிகுவென்று எழும்பியது. வறுத்துக் கொட்டியதைச் செவந்தி ஒவ்வொன்றாக எடுத்து, கட்டையால் ஒரே தட்டு. ஓடு இரண்டாகப் பிளக்கும், பருப்பு முழுசாக வந்து விழும். ஒன்றுகூட உடையவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தட்டு என்று எண்ணிப் பார்க்க முயன்று தோற்றுப்போனான்.

சும்மா இருந்திருக்கலாம். தானும் ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தான். விரலில் சாம்பல் தொட்டுக்கொள்ளச் சொன்னாள் அவள். பரவாயில்லைங்க என்றது அவன் வீரம். அடுத்த நிமிடம் ஆள்காட்டி விரலில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது.

"ஒரு கொட்டைக்கே இப்பிடியா சார்..." சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு தேங்காய் எண்ணெயை எடுத்து நீட்டினாள்.

சிரிப்பு வந்தால் பேச்சும் வரும் அல்லவா? சேர்த்த அசல் முழுக்கத் தங்கை இனியாவின் நர்சிங் படிப்புக்குப் போகிறது என்றாள். ஊக்க வட்டி ஆறாயிரத்துச் சொச்சம் மட்டும் தனக்கென்று வைத்திருந்தாள். கறம்பக்குடியில் ஒருவர் காலால் மிதித்துக் கொட்டை உடைக்கும் பழைய மெஷினை அந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்தால் கொட்டையைக் கையால் பிடிக்க வேண்டாம், கையுறை மாட்டிக்கொண்டே வேலை பார்க்கலாம். ஐந்து வருடமாக அந்த மெஷினை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு மாதமும் கட்டினாளாம். இதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். கேட்டவனால்தான் சாதாரணமாக இருக்க முடியவில்லை.

அந்த வேகத்தில்தான் புத்தி தடுமாறியது. அந்தப் பணத்தைத் தானே தருவதாகச் சொல்லிவிட்டான்.

செவந்தியின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கட்டையைக் கீழே வைத்தாள்.

"தாரேன்னு சொன்னது பேங்கு. நீங்க யாரு சார் குடுக்குறதுக்கு? நான் கேட்டு நிக்கிறது தருமம் இல்ல... அறுவது மாசம். காய்ச்சல்லயும் வந்து கட்டிருக்கேன். எங்க அப்பாரு செத்த மாசமும் கட்டிருக்கேன். வந்த வழியப் பாத்துப் போங்க."

அவன் போனான். மழையில் நனைந்துகொண்டே போனான். மழைக்கோட்டு வண்டியிலேயே இருந்தது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அவனைப் பிடித்துக்கொண்டது ஒரு வெறி. விரல் ரேகை இல்லாவிட்டால் கண்ணை வைத்து ஆளைச் சரிபார்க்கலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். ஆறு தடவை போட்டான். கண்ணை வைத்துச் சரிபார்ப்பதும் செல்லும் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். கருவிக்கு எங்கே போவது? கறம்பக்குடிக் கிளையில் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் ஒன்று பரண்மேல் கிடக்கிறதாம். மாதக் கடைசி நாள் காலையில், கொட்டும் மழையில் பைக்கில் போனான். தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தி, தான் நனைந்து திரும்பினான்.

சந்தனமேரி சொல்லியனுப்பி, மூன்றே முக்காலுக்குச் செவந்தி வந்தாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவனைப் பார்க்காமல் நின்றாள்.

"இது என் காசு இல்லைங்க," என்றான் மெதுவாக. "நீங்க கட்டுனதுக்கு அவங்க தர வேண்டியது. அன்னைக்கு ரெண்டு தடவையும் நான் பேசுனது தப்பு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கருவி பைனாகுலர் மாதிரி இருந்தது. அதை வாங்கிக் கண்ணருகே பிடித்துக்கொண்டாள். இமைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு அவன் திரையைப் பார்த்தான்.

திரை முழுக்க அவள் கண் விரிந்தது. பெரியகருப்பன் திரைக்கு அருகே குனிந்தான். குடுமியான்மலையில், பாறை முழுக்கப் பொடிப்பொடியாய் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டின் முன்னால் சின்ன வயதில் ஒருநாள் வாய்பிளந்து நின்றிருக்கிறான். படிக்கத் தெரியாது, ஆனாலும் நகர மனம் வராது. இன்றைக்கும் அதேதான். நடுவிலிருந்து ஆயிரம் மெல்லிய இழைகள் நாலாபக்கமும் ஓடின. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. இப்படி ஒரு கண் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்று அந்த இயந்திரமே சத்தியம் செய்யும். இவளையா வேறு ஆள் என்று சொன்னேன்... கண்ணை மறைக்கும் அளவுக்கு அவனுக்குக் கண்ணீர் வந்தது. எதற்கென்று அவனுக்கே தெரியாது.

பச்சை விளக்கு எரிந்தது.

பாஸ்புத்தகத்தில் புதிதாக ஒரு வரி அச்சாகி வந்தது. ஊக்க வட்டி என்ற இரண்டு சொற்களைச் செவந்தி எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். பாஸ்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தந்துட்டாங்க..." என்றாள், நம்பாதவள்போல.

அடுத்த வாரமே மிதி மெஷின் வந்துவிட்டது. வறுக்காத பச்சைக்கொட்டை வாங்க, முந்திரி விற்றுக் கணக்கில் சேர்ந்த பணத்தை எடுக்க மாதம் ஒருமுறை அவள் வருவாள். விரலை வைப்பாள், சிவப்பு விளக்கு எரியும். அவன் பெட்டியைத் திறந்து கண் கருவியை எடுப்பான். கார்த்திகை, மார்கழி, தை, மாசி என்று இதுவே வழக்கமாகிவிட்டது. சார் என்று அவள் கூப்பிடுவது எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. அவள் வரும் தேதிக்கு அவன் சட்டை மட்டும் இஸ்திரி போட்டிருக்கும் என்று சந்தனமேரி வேறு கிண்டல் செய்தார்.

பங்குனியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கருவியைக் கறம்பக்குடிக்கே திருப்பி அனுப்ப வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்துச் செவந்தி வந்தாள். கோடை மழை அவளுக்குப் பின்னாலேயே வந்தது. கவுண்டரில் வேறு யாரும் இல்லை.

அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அடுத்த மாதம் முதல் ரேகை விழாவிட்டால் அவள் கறம்பக்குடிக்குத்தான் போக வேண்டியிருக்கும். முந்தானையால் வலது கை விரலை அழுத்தித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு ரேகைக் கருவியில் வைத்தாள்.

முதல் தடவையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

அவன் விளக்கைப் பார்த்தான். அவள் விரலைப் பார்த்தான். கறை மங்கிய நுனியில் மெல்லிய கோடுகள் வளைவளைவாகப் புதிதாக முளைத்திருந்தன. பார்த்த அதிசயத்தில் எழுந்தே நின்றுவிட்டான்.

"ரேஷன் கடையில தை மாசமே ரேகை விழுந்துருச்சு," என்றாள், தரையைப் பார்த்தபடி.

"அப்ப... இங்க மட்டும்?"

"இங்க வாரதுக்கு முன்னாடி கொஞ்சம் அடுப்புச் சாம்பலத் தேச்சுக்குவேன்."

வெளியே மழை சடசடவென்று இறங்கியது. அவனும் உண்மையைச் சொன்னான்.

"அந்தக் கருவி மூணு செகண்டுல படம் எடுத்துரும் செவந்தி. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு நாந்தான் ஒரு நிமிசம் பிடிக்கச் சொன்னேன். எனக்கு ஒங்களப் பாத்துக்கிட்டே இருக்கணும். இந்த ஜென்மம் முழுக்க."

அவள் முகம் சிவந்தது. அந்த முந்திரி நிறக் கண்கள் மெல்ல உயர்ந்து, கண்ணாடித் தடுப்பைத் தாண்டி அவன்மேல் வந்து நின்றன.

"அதுக்கு மெஷின் எதுக்கு? சும்மா பாக்கத் தெரியாதா ஒங்களுக்கு..."

பெரியகருப்பன் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பிறகு அவளைப் பார்த்தான்.