ஊருக்கெல்லாம் சொன்ன செய்தி

ராஜபாளையத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி காலையிலேயே அறிவித்துவிட்டது: "காதர் மவுத்தாகிவிட்டார். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்."

தெருவே கேட்டது. சப்ரீனின் அண்ணன் ஷமீருக்கு மட்டும் தெரியாது. அவனுக்குக் காது கேட்காது. நண்பன் ஜோயலைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தான்.

காதர் அவர்களுடைய தாய்மாமா. ஷமீருக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

சப்ரீன் வீடியோ காலில் சொல்லப் போனாள். பெரிய மாமா ஜாபிர் போனை வாங்கிக்கொண்டார்.

"வேணாம்மா. பய பயந்துருவான். பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்."

மத்தியானத்துக்குச் சற்று முன் ஷமீர் வந்தான். வாசல் நிறையச் செருப்புகள். கைகளால் கேட்டான்: 'செருப்பு, நிறைய, ஏன்?'

சைகை மொழியில் கேள்விச் சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். கூடவே புருவமும் கேட்கும்.

அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒருவர் டீ கொடுத்தார். கையில் டம்ளர் இருந்தால் அவன் எப்படிப் பேசுவான்? கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டான்: 'ஏன்?'

"உள்ள உக்கார வைங்க. அடக்கம் முடியட்டும்" என்றார் பெரிய மாமா.

அடக்கம் முடிந்தபின் காதர் மாமாவின் முகத்தை அண்ணன் எங்கே பார்ப்பான்?

செப்டம்பரில், உலக சைகை மொழிகள் நாளன்று, ஷமீர் அவளுக்கு ஒரு வீடியோ காட்டியிருந்தான். பல நாட்டுக் காது கேளாதவர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். நாட்டுக்கு நாடு சைகை வேறு. கேட்டது ஒன்றுதான்: 'எங்களுக்கும் எங்கள் மொழியில் சொல்லுங்கள். அது எங்கள் உரிமை.'

"இப்பவே சொல்லணும் மாமா."

"ஏட்டி, செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியா?"

"ஸ்பீக்கர் வச்சு ஊருக்கே சொன்னிய. இவனுக்கு யாரு சொன்னா?"

பெரிய மாமா வழிவிட்டு நகர்ந்தார்.

சப்ரீன் அண்ணனோடு ஜன்னலருகே போய் நின்றாள். முகத்தில் வெளிச்சம் விழுந்தால்தான் சைகை தெளிவாகத் தெரியும். அழும்போது குரல் தடுமாறுவதுபோல அவள் கைகள் தடுமாறின.

'காதர் மாமா இறந்துவிட்டார்.'

'எப்போது?'

'விடியும்போது.'

'வலித்ததா?'

'தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.'

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

பிறகு ஷமீர் கூடத்தில் கிடத்தியிருந்த காதர் மாமாவின் அருகே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதான். சுற்றி நின்றவர்கள் விலகி இடம்விட்டார்கள்.

புறப்படும் நேரத்தில் பெரிய மாமா சப்ரீனிடம் குனிந்தார். "'நீயும் தூக்க வா'னு கையில எப்படிம்மா சொல்லுறது?"

அவள் காட்டினாள். அவர் செய்தது கோழி விரட்டுவதுபோல இருந்தது. ஆனாலும் ஷமீருக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய விரல்களைத் திருத்தினான். பிறகு, மாமாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் ஒரு முனையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான்.