கன்னிமாடத்துச் சுழல்பெட்டி

அப்பாவின் கோட்டில், இடது மார்புக்கு நேராக, ஈரம் இருந்தது.

பெரியவர் கைத்தடியை ஊன்றி அண்ணாந்து பார்த்தார். ஆளுயர எண்ணெய் ஓவியம். நேற்று மாலை அதை மாட்டியபோது அவரும் உடன் நின்றிருந்தார். அப்போது கறுப்புக் கோட்டு கறுப்பாகத்தான் இருந்தது. இன்று அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த கறை. அதன் கீழ் விளிம்பில் ஏதோ கட்டிகட்டியாகத் திரண்டு, சட்டத்தின் மேல் சொட்டுவதற்குத் தயாராகத் தொங்கியது. உயரமான ஜன்னல்கள் வழியே நடுப்பகல் வெயில் தரையில் விழுந்திருந்தது. கூடம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பும் வார்னிஷும் மணத்தன. அவற்றுக்கு அடியில், கழுவாமல் மூடிவைத்த பால் பாத்திரத்தைத் திறந்ததுபோல ஒரு புளித்த நெடி.

"உங்க அப்பாவுக்கு வேர்க்குது ஐயா," என்றார் ஏணிமேல் இருந்த தச்சர். "நாளைக்கு இத்தனை பேர் வந்து பார்க்கப் போறாங்களேன்னு கூச்சம்போல."

"எங்க அப்பா யார் முன்னாலயும் வேர்த்து நின்னதில்ல. நீ முதல்ல கீழ இறங்கு."

தச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இறங்கினார்.

பழைய கன்னிமாடத்தை ஓவியக்கூடமாக்கி நகராட்சி நாளைக் காலை திறக்கிறது. முன்கூடத்துக்கு அப்பாவின் பெயர். அதற்காகப் பெரியவர் பதினோரு ஆண்டுகள் மனு எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட 'தயவுசெய்து' என்ற சொல் கிடையாது.

கூடத்தின் பொறுப்பாளர் அம்மாள் மூக்கைச் சுளித்தபடி வந்தார். "சுவர்ல ஓதம் ஐயா. படத்தை இன்னைக்கு இறக்கிட்டு, சுத்தம் பண்ணி அப்புறமா மாட்டலாமே?"

"அப்பா பேர்ல கூடம், அப்பா படம் ஸ்டோர்ரூம்லயா? ஒரு துணி குடும்மா. நானே துடைச்சிக்கறேன்."

துணியைக் கொடுத்த அம்மாள், ஓவியத்துக்குக் கீழே சுவரில் பதிந்திருந்த மரப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். நிமிர்த்தி வைத்த பீப்பாய் போன்ற உருளைப் பெட்டி; அதன் ஒரே திறப்பு சுவரின் உட்புறம் திரும்பியிருந்தது. "நாளைக்கு இதை நீங்கதான் சுத்தித் தொடங்கி வைக்கணும். உள்ள இருந்த கன்னியாஸ்திரீங்க வெளியாள் முகம் பார்க்காம சாமான் வாங்குறதுக்கு வச்சது. சிலர் ராத்திரியில குழந்தையைக்கூட வச்சு, சுத்தி விட்டுட்டுப் போவாங்களாம்."

பெரியவர் துணியை நான்காக மடித்தார்.

"வெள்ளம் வந்த வருஷத்தோட சரி," என்றார் அம்மாள். " மடத்தைக் காலி பண்ணி, உள்பக்கம் செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க."

"வெள்ளத்துக்கு அப்புறம்தானே?"

"இல்லையே ஐயா, முன்னாடியே. தண்ணி வரும்னு பயந்துதானே போனாங்க."

"சுத்தவும் வரல," என்றார் தச்சர். "நாளைக்குள்ள எண்ணெய் விட்டு சரி பண்ணிடறேன்."

பெயர்ப்பலகை வண்டி வந்துவிட்டதாக வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள்.

வெள்ளம் வடிந்த சேறு அன்று கணுக்கால்வரை இருந்தது. அவருக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகாத தங்கை பெற்ற மூன்று நாள் பிள்ளையை, குடும்ப முத்திரை பின்னிய அப்பாவின் சால்வையில் சுற்றி இந்தப் பெட்டிக்கு எடுத்து வந்தார். மணியை அடி, சுத்திவிடு, திரும்பிப் பார்க்காம வா என்பது அப்பாவின் உத்தரவு. அப்படியே செய்தார். தெருக்கோடி வரைக்கும் அழுகுரல் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா தங்கையின் மார்பை இறுக்கிக் கட்டினாள். பால் கட்டுத்துணியை நனைத்தது, பாயை நனைத்தது, தரையில் தேங்கிப் புளித்தது. சாப்பாட்டில், தண்ணீரில், அவருடைய தலையணையில், எங்கும் அந்த நெடி. எட்டாம் நாள் ஜன்னி கண்டு தங்கை இறந்தாள். நெடி போக ஒரு மாதமாயிற்று. பிள்ளை எங்கோ நல்ல இடத்தில் வளர்கிறது என்று இத்தனை ஆண்டுகளாக அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்.

அன்றைக்கே உள்ளே எவரும் இல்லை. செங்கல் மட்டும்தான்.

நாளைக்கு ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பெட்டி சுழலும். முத்திரையோடு சால்வை வெளியே வரும். மேலே அப்பாவின் படம்.

இப்போதே எடுத்துவிட வேண்டும்.

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெட்டியில் கை வைத்தார். தச்சரின் தோளுக்கு மசியாத பெட்டி அவருடைய ஒரு விரலுக்குச் சுழன்றது. சத்தமே இல்லை. வாய்போல் ஒரு திறப்பு அவர்பக்கம் வந்து நின்றது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. புளிப்பு.

கையை விட்டார். சால்வை.

ஈரம். சூடு. இழுத்தபோது திரிந்த பால் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது. முத்திரை நூல் இன்னும் சிவப்பாக இருந்தது. சால்வைக்குள் ஒன்றுமில்லை. எலும்பாவது இருக்க வேண்டுமே. அதையும் எடுத்தாக வேண்டும். மறுபடி கையை விட்டார். முழங்கைவரை. தோள்வரை. செங்கல் தட்டுப்படவில்லை.

விரலை ஏதோ கவ்வியது.

பல் இல்லை. ஈறு. வழவழப்பான, சூடான ஈறு. உறிஞ்சியது. நிறுத்தியது. மூக்கால் மூச்சு விட்டது. மறுபடி உறிஞ்சியது.

இழுத்தார். விடவில்லை.

"ஐயா? அங்க என்ன பண்றீங்க?" கூடத்தின் மறுகோடியில் தச்சரின் குரல். தோளில் பெயர்ப்பலகை.

கத்தினால் ஓடி வருவார். வந்தால் பார்ப்பார்.

பெரியவர் சால்வையைக் காலால் சுவரோரம் ஒதுக்கினார். முதுகை நிமிர்த்தினார்.

"ஒண்ணுமில்ல. நீ அங்கேயே நில்லு."

சுவருக்குள் அந்த வாய் அடுத்த விரலையும் சேர்த்துக்கொண்டது. அவசரமில்லாமல், பசியாக, ஒரே சீராக. அந்தச் சீருக்கு ஏற்ப அவருடைய வெள்ளைச் சட்டையில், இடது மார்புக்கு நேராக, சூடாக ஏதோ கசிந்து, பொத்தான் பொத்தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது.